பதினோரு மணிக்கும் சுவர் ஏன் சுடுகிறது?

கேள்வி கேட்டவர் மடிப்பாக்கத்தில் நாலு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். ஊரில் மே மாதப் பகல் சென்னையை விடக் கொடுமை. ஆனால் ராத்திரி வாசலில் கட்டிலைப் போட்டால் விடியற்காலையில் துப்பட்டி தேட வேண்டியிருக்கும். சென்னையில் பகல் வெயில் இரண்டு மூன்று டிகிரி குறைவு என்று செய்தியில் சொல்கிறார்கள், ராத்திரி பதினோரு மணிக்கும் படுக்கையறைச் சுவர் சுடுகிறது. "நகர வெப்பத்தீவு என்பது இதுதானா? எல்லாம் ஏசி பண்ணும் வேலையா? மரம் நட்டால் சரியாகுமா?" என்று கேட்கிறார்.

ஆமாம், இதுதான். சுற்றியுள்ள கிராமப்புறத்தை விட நகரம், முக்கியமாக ராத்திரியில், சூடாக நிற்பதைத்தான் நகர வெப்பத்தீவு என்கிறார்கள். ஆனால் முழுப் பழியும் நகரத்தின் மேல் இல்லை, பாதி கடலுடையது. அதை முதலில் பிரித்துவிடலாம்.

ஆரணியோடு சென்னையை ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மே மாதத்தில் வங்கக் கடலின் மேல்பரப்பே 29, 30 டிகிரியில் இருக்கும். அந்தக் கடலின் ஓரத்தில் இருக்கும் எந்த ஊரும், அங்கே ஒரு செங்கல்கூட இல்லாவிட்டாலும், ராத்திரியில் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. மேலும் காற்றில் ஈரம் நிறைய இருந்தால் தரை தன் சூட்டை வானத்துக்கு அனுப்புவது மந்தமாகிவிடும். ஆரணியில் காற்று வறண்டது, தரை சீக்கிரம் ஆறுகிறது. ஆகவே சென்னையின் சிமெண்ட் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கோவளத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரைக் கிராமங்களோடு ஒப்பிட வேண்டும். அல்லது சென்னைக்குள்ளேயே இருக்கும் இரண்டு வானிலை நிலையங்களைப் பார்க்கலாம்.

ஒன்று நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே வானாய்வுக் கூடம் கட்டியது. இன்றும் அதே கல்லூரிச் சாலையில்தான் வானிலை மையம் இருக்கிறது, சுற்றிலும் நகரம். இன்னொன்று மீனம்பாக்கம், விமான நிலையத் திறந்தவெளி. கோடைப் பகலில் மீனம்பாக்கம் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தை விடச் சூடு, ஏனென்றால் கடற்காற்று அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் வானம் வெளுத்து, காற்று அசையாமல் இருக்கும் ஒரு ராத்திரியில் பாருங்கள். மீனம்பாக்கம் ஓரிரு டிகிரி கீழே இறங்கிவிடும், நுங்கம்பாக்கம் இறங்காது. வெப்பத்தீவு என்பது அந்த ஓரிரு டிகிரிதான். வேடிக்கை என்னவென்றால், அது மிகத் தெளிவாகத் தெரிவது யாரும் வெயிலைப் பற்றிப் பேசாத பனிக்காலத்தில். கோடையில் கடற்காற்றும் ஈரமும் வந்து கணக்கைக் குழப்பிவிடும்.

கடற்காற்றைப் பற்றி இன்னொரு வார்த்தை. "கோடை" என்ற சொல்லுக்கு வெயில் காலம் என்பதோடு மேல்காற்று என்றும் பொருள் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. சென்னையின் மே, ஜூன் மாதங்களை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கொண்டல் உள்ளே வந்துவிட்டால் வெயில் 37, 38இல் நின்றுவிடும். மேல்காற்று பலமாக இருந்து கொண்டலைக் கடலோரத்திலேயே நிறுத்திவிட்டால் 41, 42 ஆகிவிடும். 2003 மே கடைசியில் 45ஐத் தொட்டது. அந்தச் சண்டையில் நகரத்துக்குப் பெரிய பங்கு கிடையாது. பகல் உச்சத்தை முடிவு செய்வது காற்று, ராத்திரியை முடிவு செய்வதில்தான் நாம் கட்டியதற்குப் பங்கு வருகிறது.

தமிழில் இதற்கு ஏற்கெனவே இரண்டு சொற்கள் இருக்கின்றன, நாம்தான் கலந்து பேசுகிறோம். புழுக்கம் என்பது ஈரத்தால் வருவது, வியர்வை காயாத அவதி. அது கடல் தருவது. வெக்கை என்பது சூடான ஒரு பொருள் பக்கத்தில் நின்று நம் மேல் வீசுவது. அடுப்பங்கரையில் அடுப்பை அணைத்த பிறகும் முகத்தில் படுமே, அது. உங்கள் படுக்கையறையில் இருப்பது வெக்கை. மேல்தளத்தில் இரண்டும் சேர்ந்து வரும்.

சரி, இந்த வெக்கை எங்கிருந்து வருகிறது? ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். மேகமில்லாத மே மாத நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 6 யூனிட். ஈபி பில்லில் வரும் அதே யூனிட்தான். ஆக உங்கள் தலைக்கு மேல் ஒரே நாளில் விழுவது 550 யூனிட் போல. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். வெயில் அதை ஒரே பகலில் கொட்டிவிட்டுப் போகிறது.

அதில் எவ்வளவு திரும்பிப் போகிறது, எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதுதான் விஷயம். அழுக்கேறிய சாம்பல் நிற சிமெண்ட் தளம் கால்வாசியைத் திருப்பி அனுப்பினால் அதிகம். மிச்சமெல்லாம் தளத்துக்குள் போகிறது. கான்கிரீட் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகக் கொடுக்கும். ஐந்து அங்குலத் தளத்தின் மேலே மதியம் ஒரு மணிக்கு ஏறிய உச்சச் சூடு, அடிப்பக்கத்துக்கு வந்து சேர மூன்று மணி நேரம் போல ஆகும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு ஏழெட்டு மணி நேரம். மேற்குச் சுவரில் சாய்வெயில் நன்றாக விழுவது மூன்றரை, நாலு மணிக்கு. எண்ணிப் பாருங்கள், அது உள்பக்கம் வந்து சேருவது பதினோரு மணி. நீங்கள் கையை வைத்துப் பார்த்து "இன்னும் சுடுகிறதே" என்கிறீர்கள். இன்னும் இல்லை, அது இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறது.

சின்டெக்ஸ் டேங்க் சங்கதியும் இதேதான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து ஷவரைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். அதனால்தான் மே மாதத்தில் காலையிலேயே பக்கெட்டில் பிடித்து வைத்துவிடுகிறோம். மொத்த நகரமே ஒரு பெரிய சின்டெக்ஸ் டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்து வீட்டுச் சுவரும் சூடாகத்தான் செய்யும். ஆனால் அங்கே ராத்திரியில் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சூடான எந்தப் பொருளும் குளிர்ந்த வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை வீசி ஆறும். உங்கள் கட்டடத்துச் சுவருக்கு எதிரே ஐந்தடிச் சந்து, அதற்கு அப்புறம் அடுத்த கட்டடத்துச் சுவர். இது வீசுவதை அது வாங்குகிறது, அது வீசுவதை இது வாங்குகிறது. இரண்டும் விடிய விடிய ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டே நிற்கும். கட்டடம் எவ்வளவு உயரம், தெரு எவ்வளவு அகலம் என்ற விகிதம் கூடக் கூட வெப்பத்தீவின் உச்சமும் கூடுகிறது என்று கனடாவில் பணியாற்றிய பருவநிலை ஆய்வாளர் டிம் ஓக் காட்டினார். இந்தத் துறையில் யார் பேசினாலும் அவர் வேலையிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் கட்டட வேலையில் இருப்பவன். பக்கவாட்டில் விட வேண்டிய குறைந்தபட்ச இடத்துக்கு மேல் ஒரு அடிகூட விடாமல் நானும் கட்டிக் கொடுத்திருக்கிறேன், மறைப்பானேன்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்துத் தயாரிப்பாளர் இருந்தார். மேகங்களுக்கு இன்று வழங்கும் பெயர்களை வைத்தவரும் அவர்தான். நகரத்தின் வெப்பத்தையும் சுற்றியுள்ள கிராமப்புறத்தின் வெப்பத்தையும் வருடக்கணக்கில் குறித்து ஒப்பிட்டு 1818இலிருந்து புத்தகமாக வெளியிட்டார். அவர் கண்டதும் இதே ராத்திரிக் கதைதான்: இரவில் நகரம் சராசரியாக இரண்டு டிகிரி செல்சியஸ் போல அதிகம், பகலில் வித்தியாசம் பெயருக்குத்தான். ஏசி என்ற ஒன்றே இல்லாத காலம் அது.

அதனால் ஏசி மீதான குற்றச்சாட்டுக்கு வருவோம். ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் சூட்டை எடுக்கிறது, ஒன்றரை கிலோவாட் மின்சாரம் குடிக்கிறது, இரண்டையும் சேர்த்து ஆறரை கிலோவாட்டுக்கு மேல் வெளியே துப்புகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த 5 கிலோவாட்டில் பெரும்பங்கு தளமும் சுவரும் பகலில் குடித்து வைத்தது, எப்படியும் வெளியே வரப்போவது. நகரத்துக்குப் புதிதாகச் சேருவது அந்த மின்சாரம் மட்டும்தான். நடுப்பகலில் உங்கள் மொட்டைமாடி ஒன்றிலேயே 90 கிலோவாட் வெயில் விழுகிறது. அதன் பக்கத்தில் ஏசி ஒரு கொசு.

ஆனால் ராத்திரியில் வெயில் இல்லை, ஏசி இருக்கிறது. அதுவும் எல்லோருடைய வெளிப்பெட்டியும் அந்த ஐந்தடிச் சந்தைப் பார்த்தே மாட்டியிருக்கிறது. காற்றுப் போகாத சந்தில் எட்டு வீட்டு அனலும் தேங்கி, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம் என்று நினைப்பவர் வீட்டுக்குள் போகிறது. அவரும் அடுத்த மாதம் ஏசி வாங்குகிறார். நகரம் முழுவதற்கும் ஏசி முக்கியக் காரணம் இல்லை. உங்கள் சந்துக்கு அது ஒரு காரணம்தான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. கோடைதோறும் செயற்கைக்கோள் எடுத்த சிவப்பு வரைபடம் ஒன்று சுற்றுக்கு வரும், "உங்கள் ஏரியா எவ்வளவு கொதிக்கிறது பாருங்கள்" என்று. அது காட்டுவது காற்றின் வெப்பம் அல்ல, கூரை, தார், மண் இவற்றின் தோல் எவ்வளவு சூடு என்பது. அந்தப் படங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் லாண்ட்சாட் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்து, பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் விமான ஓடுபாதையும் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலும் நகரத்தை விடச் சிவப்பாகத் தெரியும். இந்திய நகரங்கள் பலவற்றில் கோடைப் பகலில் நகரத்தை விடச் சுற்றுப்புறத் தரிசு நிலமே சூடாக இருக்கிறது என்பது ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதை வைத்து "வெப்பத்தீவெல்லாம் பொய்" என்று ஒருவர் எழுதுவார், இன்னொருவர் புறநகர்ப் பொட்டல் நிலத்தைக் காட்டி அலறுவார். இருவரும் பார்ப்பது தவறான மணியை. கைபேசியில் வரும் "உணரும் வெப்பம்" எண்ணையும் உங்கள் தெருவின் அளவு என்று நினைக்காதீர்கள். அது ஒரு பெரிய கட்டத்துக்குக் கணினி போட்ட கணக்கு. உங்கள் சந்து அதற்குத் தெரியாது.

அப்புறம் மரம். நன்றாக வளர்ந்த ஒரு மரம், வேருக்குத் தண்ணீர் கிடைத்தால், நாளைக்கு நூறு லிட்டர் நீரை இலை வழியாக ஆவியாக்கும். ஒரு லிட்டர் ஆவியாக மூன்றில் இரண்டு யூனிட் வெப்பம் செலவாகிறது. நூறு லிட்டருக்கு 67 யூனிட். ஒன்றரை டன் ஏசி பன்னிரண்டு மணி நேரம் ஓடி எடுக்கும் சூட்டுக்குச் சமம், கரண்ட் பில் இல்லாமல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆவி காற்றில்தான் கலக்கிறது, ஏற்கெனவே புழுங்கும் ஊரில். அதோடு சிமெண்டைக் கழுத்துவரை பூசிய நடைபாதை மரத்துக்கு வேருக்கு நூறு லிட்டர் எங்கிருந்து கிடைக்கும்? என் கணிப்பில் சென்னையில் மரத்தின் முதல் வேலை நிழல். மேற்குச் சுவரிலும் தாரிலும் வெயிலே படாமல் செய்துவிட்டால் ராத்திரிக்கு மிஞ்சும் சூடே குறைந்துவிடும்.

அதற்கு எந்த மரம் என்பதும் முக்கியம். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தோம். மே ஃப்ளவர், தூங்குமூஞ்சி மாதிரி குடை விரிக்கும் மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. வேம்பு, புங்கை, பூவரசு நடுங்கள். புங்க நிழலில் உட்கார்ந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர் எங்கே நடுவது என்று கேட்பீர்கள். கட்டட வாசலில், மேற்குப் பக்கம் தெரு இருந்தால் அங்கே. பலன் வர ஐந்தாறு வருடமாகும், அதற்குள் நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள். அடுத்த வாடகைக்காரர் வாழ்த்துவார்.

ஏரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஏரியை மூடியதால்தான் இவ்வளவு சூடு" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. தியாகராய நகர் 1920களில் மாம்பலம் பெரிய ஏரியை வற்ற வைத்து உருவான ஊர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரிப் படுகையில். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பல ஆயிரம் ஹெக்டேராக இருந்து, மிஞ்சியதில் சுமார் 1,250 ஹெக்டேர் 2022இல் முக்கியமான ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சர் பட்டியலில் ஏறியது. மடிப்பாக்கத்தில் இருக்கும் உங்களுக்கு அது பக்கத்து வீடு. ஆனால் மே மாதத்தில் பல ஏரிகளில் தண்ணீரே இருப்பதில்லை, 2019 கோடையில் குடிநீர் ஏரிகளே வறண்டு கிடந்தன. இருக்கும் தண்ணீரும் ராத்திரியில் சீக்கிரம் ஆறாது. ஏரியால் ராத்திரிக்குக் கிடைக்கும் உண்மையான லாபம், அங்கே கட்டடம் இல்லாததுதான். வானத்துக்குத் திறந்த இடமும் காற்று வர வழியும். ஏரியைக் காப்பாற்ற வெள்ளமும் குடிநீரும் போதுமான காரணங்கள். வெக்கையையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

அரசாங்கம் இதையெல்லாம் கணக்கில் எடுக்கிறதா? கொஞ்சம். அகமதாபாத்தில் 2010 மே வெயிலில் வழக்கத்தை விட 1,300க்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது. தெலங்கானா 2023இல், வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை போட வேண்டும் என்று குளிர்கூரைக் கொள்கையே கொண்டு வந்தது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்புக்கு 4 லட்சம் நிவாரணம் என்றது. நல்லதுதான். ஆனால் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கக் கடலோர ஊரில் பகல் உச்சம் 37ஐ எட்ட வேண்டும், வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். "வெப்ப இரவு" என்று ஒரு வகை உண்டு, அதற்கும் அன்றைய பகல் 40ஐத் தொட்டிருக்க வேண்டும். பகல் 37, ராத்திரி 30, ஈரம் 80 சதவீதம் என்று பத்து நாள் போனால் இந்த இரண்டு வகையிலும் வராது. கொத்து வேலைக்குப் போய்வந்து தகரக் கூரைக்குக் கீழே படுப்பவரின் உடம்புக்கு அந்தப் பத்து ராத்திரிகள் ஓய்வே கொடுத்திருக்காது. சென்னைக்கென்று இரவை வைத்து ஒரு அளவுகோல் வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது உங்கள் அறைக்கு வருகிறேன். மொட்டைமாடியில் வெள்ளை அடியுங்கள். பழைய வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்து, அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். சூடு இறங்க வெகுநேரம் ஆகும். இப்போது அதெல்லாம் பெயருக்குத்தான். கூல் ரூஃப் பெயிண்ட் வாங்க வீட்டுக்காரர் சம்மதித்தால் நல்லது. இல்லாவிட்டால் நல்ல சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, மார்ச் மாதத்தில், தளத்தைக் கூட்டிக் கழுவிய பிறகு இரண்டு கோட் அடித்தாலே போதும். புது வெள்ளை முக்கால்வாசி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் போய்விடும், வருடா வருடம் அடிக்க வேண்டும், புழுதி படிந்தால் கழுவ வேண்டும். மேற்குச் சுவருக்குப் பச்சை வலை கட்டுங்கள், சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளி. வெயில் சுவரில் படுவதற்கு முன்னால் தடுத்தால்தான் பலன். உள்ளே தடித்த திரை போடுவது சூட்டை வரவேற்று உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி.

சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றுவது தற்காலிகச் சுகம்தான், லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பகலில் ஜன்னலை மூடுங்கள், எட்டு மணிக்கு மேல் கொசுவலையோடு திறங்கள், சமையலறை எக்ஸாஸ்டை ஓட விடுங்கள். மேல்தளத்தில் சீலிங் ஃபேன், தளத்தடியில் தேங்கிய சூடான காற்றைத்தான் முகத்தில் இறக்கும். படுக்கும்போது டேபிள் ஃபேன் ஜன்னலை ஒட்டி இருந்தால் வித்தியாசம் தெரியும்.

வேறு வீடு பார்க்கும் எண்ணம் இருந்தால், மேல்தளமும் மேற்குப் படுக்கையறையும் சேர்ந்து வருவதைத் தவிருங்கள். வீடு காட்டுபவர் காலை பத்து மணிக்கு வரச் சொல்வார். அப்போது எல்லா வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை போய், படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.